யானைக்கால்: கணக்கு புகட்டும் பாடம்

கும்பகோணம் என்றதும் யானைக்கால் நோயை நினைத்த காலம் ஒன்றிருந்தது. மனித உடலில் வளரும் புழு, குஞ்சுகளை ஈனுகின்றது; கொசு அவற்றை உறிஞ்சி அண்டை வீட்டாருக்குக் கொண்டு சேர்க்கின்றது.

1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் நடந்த கொசு ஒழிப்புப் பணியில் திரட்டிய விவரங்களைக் கொண்டு, இந்திய, நெதர்லாந்து அறிஞர்கள் இச்சுழற்சியைக் கணினியில் 'லிம்ஃபாசிம்' என்னும் மாதிரியாக அமைத்தனர். ஆண்டுதோறும் மாத்திரை வழங்கினால் நோய் எப்போது அறும்? எத்தனை பேர் அதை உட்கொள்கின்றனர் என்பதையே விடை பெரிதும் சார்ந்திருந்தது. பலர் தவிர்த்தால் ஆண்டுகள் நீளும்.

கால் வீங்காதவர் இரத்தத்திலும் புழுக்குஞ்சுகள் இருக்கலாம். அவை இரவில்தான் மிகுதியாகத் தென்படும். ஆகவே, சுகாதார ஊழியர் இரவில் இரத்தம் எடுக்க வந்தால் மறுக்காதீர்கள். அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் நம் மார்க்கக் கடமையன்றோ!