சிங்கப்பூர் டு நியூயார்க்: டிக்கெட்டில் தெரியாத தூரமும் நேரமும்

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ இமெயிலில் விமான டிக்கெட்டை அனுப்புகிறார்கள். வந்து சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படிக் கணக்குப் போட்டால், அழைத்துவர ஒரு நாள் தவறி ஏர்போர்ட்டில் போய் நிற்க நேரிடலாம். சரியான கணக்கினை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம்.

உலகின் மிக நீண்ட நேரடி விமானப் பயணங்களில் ஒன்றான சிங்கப்பூர் - நியூயார்க் பயணத்தை எடுத்துக் கொள்வோம்.

தூரம் அறிய

கூகுள் எர்த் ப்ரோ புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அளவினை கிலோமீட்டர்ஸ் என மாற்றி, மவுஸ் நேவிகேஷன் கட்டத்தில் டிக் செய்திடவும். சிங்கப்பூரில் ஒரு கிளிக். உருண்டையைத் திருப்பி நியூயார்க்கில் ஒரு கிளிக். தூரம் சுமார் 15,340 கி.மீ. எனக் காட்டப்படும்.

கோடு செல்லும் வழியைப் பாருங்கள். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இலங்கை, அரேபியா, சகாரா வழியாகப் போகும். உருண்டையிலோ வட துருவத்தை ஒட்டிப் போகிறது! பூமி உருண்டை என்பதால் இதுதான் குறுக்கு வழி. சுவர்ப் படத்துக் கோட்டின்படி பறந்தால் 3,000 கி.மீ.க்கு மேல் கூடுதலாகும்.

பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 15,340ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஆனால் பயணத்திற்குப் பதினெட்டரை மணிக்கு மேல் ஆகிறது. ரன்வேயில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு நேரம் வேண்டும். எதிர்க்காற்றைத் தவிர்க்கவும் சாதகமான காற்றைப் பிடிக்கவும் விமானம் சுற்றியும் செல்லும்.

கடிகாரக் குழப்பம்

டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் 13 மணி நேரம்.

எடுத்துக்காட்டாக, கோடையில் திங்கள் பகல் 12 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே திங்கள் மாலை 6.30 மணிதான் ஆகியிருக்கும். கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும்! இதே நேரத்தில் அங்கிருந்து கிளம்பினால் சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6.30. அதாவது, முப்பதரை மணி நேரம்!

வந்து சேரும் நேரத்தின் அருகே +1 என்று இருந்தால், மறுநாள் எனப் பொருள். அடுத்த முறை டிக்கெட் வந்ததும் முதலில் அதைத் தேடுங்கள். அப்புறம் ஏர்போர்ட்டுக்கு டாக்சி சொல்லுங்கள்.