ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறதா?

விடிவதற்குள் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கு முடக்குவாதமும் இருந்தால், நள்ளிரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும்போது கோபம் மாத்திரை மேல்தான் திரும்பும். எல்லாப் பழியையும் அதன்மேல் போட முடியாது. நின்ற களைப்பும் வியர்வையில் போன நீரும்கூடக் காரணமாகலாம். ஆனால் ஸ்டீராய்டு, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கலாம்; ஹைட்ராக்சிகுளோரோகுயின் அரிதாகத் தசையைப் பலவீனமாக்கும்.

அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென விடுவது ஆபத்து.

இழுத்ததும் காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி வளைத்து, சதையை மெல்ல நீவிவிடுங்கள். அடிக்கடி வந்தால் மாத்திரை அட்டைகளோடு டாக்டரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையில் காரணம் பிடிபடலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் அன்றே போக வேண்டும். நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம்.