கெயின் என்பது பேசிக் சம்பளம்!

மதுரையிலிருந்து திருச்சி போகிற சாலையில், மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. பக்கத்துக் கிராமத்தில் திருவிழா. ராத்திரி சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகம். மைக்செட்காரர் எனக்கு அண்ணன் முறை.

"பி.காம். படிச்சவன் சும்மாதானே உக்காந்திருக்கே... வந்து ஒயரைப் பிடி!" என்றார். பிடித்தேன்.

மேடை ஓரத்தில் எட்டு சானல் மிக்ஸர். அதிலிருக்கும் திருகுகளைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். அண்ணன் அசரவில்லை. வெள்ளை டேப்பை ஒட்டி, 'வள்ளி, முருகன், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம்' என்று வரிசையாக எழுதினார்.

"தலைப்புப் போடாம லெட்ஜர் எழுதுவியா நீ?"

அப்புறம் பாடம் ஆரம்பம். ஒவ்வொரு சானலுக்கும் மேலே கெயின், கீழே ஃபேடர். "கெயின்தாண்டா பேசிக் சம்பளம். ஃபேடர் பஞ்சப்படி. பேசிக்கைத் தப்பாப் போட்டுட்டு, படியை எவ்வளவு ஏத்தினாலும் குடும்பம் தேறாது!"

'ஹலோ... மைக் டெஸ்டிங்' எல்லாம் உதவாது. மேடையில் பாடப்போகிற அதே குரலில் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும்வரை கெயினை ஏற்றி, கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். கெயின் குறைந்தால் பாட்டோடு இரைச்சலும் ஏறும். கூடினால் குரல் உடையும்.

திடீரென்று 'கீ...ச்!'

ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்கில் புகுந்து... அப்படியே ஆபீஸ் வதந்திதான்! மருந்து சுலபம். ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து வைக்க வேண்டும். பாடாதவர் மைக்கை இறக்கிவிட வேண்டும். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால், கீச்சிடாமல் ஏற்றக்கூடிய சத்தத்தில் சுமார் 3 டெசிபல் போய்விடுமாம்.

வள்ளி வேஷக்கார அக்கா மெதுவாக வந்தார். "அண்ணே, போன ஊர்ல மைக்கு உதட்டைக் கடிச்சிருச்சு. இங்க கடிக்காதுல்ல?"

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் 'உம்ம்ம்...' என்று ஓயாத ரீங்காரம். நான் மேதாவியாயிற்றே! "ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் மூணாவது பின்னைக் கழட்டினா நின்னுடும்ணே" என்று கட்டிங் பிளேயரோடு போனேன். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அது சத்தத்துக்கு இல்லடா, உசிருக்கு!"

உள்ளே ஒயர் பழுதாகி, கரண்ட் இரும்புப் பெட்டியில் பாய்ந்தால், அதை எர்த் ஒயர் இழுத்துக்கொண்டு ஃபியூஸைப் போகவைக்கும். எர்த்தைக் கழற்றிவிட்டால்? மைக் ஒயர் வழியாகப் பாடுகிறவர் உதட்டுக்கு வந்து நிற்கும். அக்காவோ வெறுங்காலோடு மண்மேடையில் நிற்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது.

மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகினார் அண்ணன். மைக் ஒயர்களைக் கரண்ட் ஒயர்களிடமிருந்து விலக்கிப் போட்டார். ஒவ்வொரு சானலாக இறக்கிப் பார்த்ததில் குற்றவாளி சிக்கியது: ஆர்மோனிய மைக்கின் ஒயரில், பிளக்குக்குள் ஒரு பற்றவைப்பு விட்டிருந்தது. பத்து நிமிடத்தில் சால்டரிங். ரீங்காரம் போயே போச்சு! அக்கா எதிரிலேயே மைக்கின் தலையில் டெஸ்டரை வைத்துக் காட்டினார். விளக்கு எரியவில்லை. அக்கா முகத்தில்தான் எரிந்தது.

விடிய விடிய நாடகம். முடிந்ததும் மூட்டை கட்டும் பாடம். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர், பிறகு மிக்ஸர், போடும்போது தலைகீழ். மாற்றினால் 'தொப்' சத்தத்தில் ஸ்பீக்கர் பாழாகலாம். ஒயரை முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல், வட்டமாகச் சுருட்ட வேண்டும். மிக்ஸருக்குத் தூசி படாமல் துணி. மைக்கின் வலைமூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். மிக்ஸர் மேல் டீ கிளாஸ் வைத்தால் அடி நிச்சயம்.

"அண்ணே, என் சம்பளம்?" என்றேன்.

"பேசிக் கிடையாது. டீப் படி மட்டும்தான்!"