எம்டன் மூழ்கடித்த சர்க்கரை

சென்ட்ரலுக்கு இன்னும் ஐந்தே நிமிஷம்தான் இருக்கும். ஆனா ட்ரெயின் பேசின் பிரிட்ஜில் நின்றுவிடும். சிக்னல் விழாது. வட சென்னையிலிருந்து காலேஜுக்கு வர்ற எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம். அடுத்த தடவை அப்படி மாட்டிக்கிட்டா, போனை உள்ளே வைத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் பாருங்க. ரெண்டு மூணு கிலோமீட்டரில் துறைமுகம். இந்தக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் கரைக்கு அருகே வந்து நின்றது. சர்ச்லைட்டைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். ரெண்டு டாங்குகள் பற்றிக்கொண்டு, சுமார் 3.5 லட்சம் காலன் மண்ணெண்ணெய் எரிந்துபோனது. நங்கூரமிட்டிருந்த ஒரு வணிகக் கப்பலில் உயிர்ச்சேதமும் நடந்தது. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். சென்ட்ரலிலிருந்து கிளம்பிய ரயில்கள் இதே பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் போயிருக்கும். "அவன் சரியான எம்டன்" என்று தாத்தா பாட்டி சொல்வதும், 'எம்டன் மகன்' என்ற சினிமாத் தலைப்பும் இந்த ஒரு ராத்திரியின் மிச்சம்.

இதுவரைக்கும் பலருக்கும் தெரியும். மூணு நாள் கழித்து நடந்ததுதான் அதிகம் பேர் கவனிக்காதது. செப்டம்பர் 25 அன்று, இலங்கைக்கு மேற்கே, டைமரிக் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை எம்டன் பிடித்து மூழ்கடித்தது. அதில் இருந்தது ஆயுதம் இல்லை, சர்க்கரை. ஜாவாவில் விளைந்து, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை.

எனக்கு இங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. பிரிட்டன் கையில் ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் என்று கரீபியன் கரும்புத் தீவுகள் இருந்தனவே? அப்புறம் ஏன் டச்சுக்காரர்களின் ஜாவாவிலிருந்து, உலகத்தின் பாதியைச் சுற்றிச் சர்க்கரை வரவேண்டும்? பதிலுக்கு 150 வருஷம் பின்னால் போகணும்.

கனடாவா, குவாதலூப்பா?

18ஆம் நூற்றாண்டில் சர்க்கரையின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். ஏழாண்டுப் போரில் பிரிட்டன், பிரான்சிடமிருந்து கனடாவையும் பிடித்தது, குவாதலூப் என்ற குட்டித் தீவையும் பிடித்தது. 1763 சமாதான உடன்படிக்கையில் பிரான்ஸ் திரும்பக் கேட்டு வாங்கியது குவாதலூப்பை. கனடாவை விட்டுக்கொடுத்தது. ஏன்னா அந்தத் தீவில் கரும்பு இருந்தது. அந்தக் கரும்பை வெட்டியவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

இவ்வளவு விலையுள்ள சரக்கு, வருஷா வருஷம் அதே பருவத்தில், அதே வழியில், மரக் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்து போகும். போர் வந்தால் எதிரி எங்கே கை வைப்பான்? தீவைப் பிடிக்கப் படை வேண்டும். கப்பலைப் பிடிக்க ஒரு வேகமான கப்பலும் சில பீரங்கிகளும் போதும். 1755இல், போர் அறிவிப்பதற்கு முன்பே, பிரிட்டன் சுமார் 300 பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்துவிட்டது.

இது கொள்ளைதானே என்று கேட்பீங்க. வித்தியாசம் பேப்பரில் இருக்கிறது. பிடித்த கப்பலைத் தன் நாட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், இதற்கென்றே இருந்த நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். கப்பல் யாருடையது, சரக்கு யாருடையது என்று ஆவணங்களைப் பார்த்து, 'எதிரி சொத்து' என்று தீர்ப்பு வந்தால் ஏலம். பிரிட்டிஷ் கடற்படையில் அந்தப் பணம் எட்டுப் பங்காகப் பிரியும். கேப்டனுக்கு மட்டும் ரெண்டு முதல் மூணு பங்கு. சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ரெண்டு பங்கு. நிலத்தில் எதிரி நாட்டு வியாபாரியின் குடோனைச் சும்மா எடுத்துக்கொள்வது தப்பு என்ற கருத்து மெல்ல வலுப்பெற்றபோதும், கடலில் மட்டும் அவன் கப்பல் சட்டப்படியே இரையாக இருந்தது.

இந்த ஆட்டம் எப்படிப் போகும் என்பதற்கு 1781இல் ஒரு கூத்து நடந்தது. டச்சுக்காரர்களின் செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவை பிரிட்டிஷ் அட்மிரல் ராட்னி பிடித்தார். துறைமுகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் சிக்கின. அதோடு விடவில்லை. டச்சுக் கொடியை இறக்காமல் அப்படியே பறக்கவிட்டு, விவரம் தெரியாமல் வந்த கப்பல்களையும் பிடித்தார். கடைசியில் அந்தச் சரக்கை ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய கப்பல் கூட்டத்தில் பெரும்பகுதியை பிரெஞ்சுக் கடற்படை வழியில் மடக்கிக்கொண்டு போனது.

கரும்புக்குப் பதில் கிழங்கு

நெப்போலியன் காலத்தில் கதை திரும்புகிறது. பிரான்சின் பெரிய சர்க்கரைக் காலனியான சான் டொமிங்கில் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804இல் ஹைட்டி என்ற சுதந்திர நாட்டை உருவாக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த தீவுகளிலிருந்து சர்க்கரை வரும் கடல்வழி பிரிட்டிஷ் கடற்படையின் பிடியில். பிரான்சில் சர்க்கரை விலை எகிறியது.

1747லேயே பெர்லினில் மார்கிராஃப் என்ற வேதியியலாளர், ஒரு வகை பீட்ரூட் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான் என்று நிரூபித்திருந்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1801இல் சைலீஷியாவில் தொழிற்சாலையே கட்டினார். அன்றைய கிழங்கில் சர்க்கரை 5-6 சதவீதம்தான். சாதாரண நாளில் கரும்போடு போட்டி போடவே முடியாது. ஆனா கரும்புச் சர்க்கரை வராதபோது அது கட்டுப்படியாகும். 1811இல் நெப்போலியன் பல்லாயிரம் ஏக்கரில் இந்தக் கிழங்கைப் பயிரிட உத்தரவு போட்டார். அடுத்த வருஷம், கிழங்கிலிருந்து நல்ல சர்க்கரை எடுத்த தெலெஸேர் என்பவருக்குத் தன் சட்டையில் இருந்த பதக்கத்தையே கழற்றிக் குத்தினார்.

போர் முடிந்தது, கிழங்கு போகவில்லை. நல்ல விதைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் சர்க்கரை அளவு ஏறியது (இன்று 16-18 சதவீதம்). ஜெர்மன் அரசு ஏற்றுமதிக்கு மானியம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது உலகச் சர்க்கரையில் பாதிக்கு மேல் கிழங்கிலிருந்து வந்தது. பிரிட்டனும் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையே வாங்கியது. 1914இல் பிரிட்டன் தின்ற சர்க்கரையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்தும் வந்தது.

அந்த ஆகஸ்ட்டில் பிரிட்டன் போர் தொடுத்தது அந்த ரெண்டு நாடுகளோடுதான்!

நூறு வருஷத்துக்கு முன்னால் எதிரியின் சர்க்கரைக் கப்பலை மறித்தார்கள். எதிரி மாற்று கண்டுபிடித்தான். அந்த மாற்றையே இவர்கள் நம்ப ஆரம்பித்தார்கள். போர் தொடங்கிய மாதமே பிரிட்டிஷ் அரசு சர்க்கரைக்கென்று தனி ஆணையம் போட்டு, உலகம் முழுக்க வாங்கத் தொடங்கியது. அதில் முக்கியமான இடம் ஜாவா. ஜாவாவிலிருந்து இங்கிலாந்து போகும் வழி இந்தியப் பெருங்கடல். அங்கே காத்திருந்தது எம்டன்.

எம்டன் ஏன் மூழ்கடித்தது?

எம்டனின் கேப்டன் வான் முல்லருக்கு ஒரு பிரச்சினை. பிடித்த கப்பலைக் கொண்டுபோக ஜெர்மன் துறைமுகம் பக்கத்தில் இல்லை. அவர்களுடைய சிங்டாவோவை ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்தார்கள். அதனால் ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலை மூழ்கடிப்பதுதான் வழி. ஆனா 1856 பாரிஸ் பிரகடனத்தின் விதிகளைப் பார்த்துத்தான் செய்தார். எதிரிக் கப்பலில் நடுநிலை நாட்டுச் சரக்கு இருந்தால், அது போர்த்தளவாடம் இல்லாதவரை தொடக்கூடாது. கபிங்கா என்ற பிரிட்டிஷ் கப்பலில் அமெரிக்கர்களின் சரக்கு இருந்ததால், பிடிபட்ட மாலுமிகளை அதில் ஏற்றி விட்டுவிட்டார். டைமரிக்கில் இருந்தது பிரிட்டனுக்கான சர்க்கரை. அதனால் தப்பவில்லை.

இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: எம்டன் நீராவியில் ஓடும் பிஸ்டன் இன்ஜின் கப்பல். அதன் கிடங்கில் சுமார் 800 டன் நிலக்கரிதான் கொள்ளும். அதனால் அதற்கு உண்மையான பரிசு சர்க்கரையோ தேயிலையோ இல்லை, நிலக்கரிக் கப்பல். டைமரிக்குக்கு ரெண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் கடற்படைக்கே போய்க்கொண்டிருந்த வேல்ஸ் நிலக்கரியோடு புரெஸ்க் என்ற கப்பல் சிக்கியது. அதை மூழ்கடிக்கவில்லை, கூடவே வைத்துக்கொண்டார்கள்.

மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள். பிரிட்டனின் மொத்தக் கப்பல்களோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனா பயம் பெரிது. வங்காள விரிகுடாவில் கப்பல்கள் கிளம்பாமல் துறைமுகங்களிலேயே நின்றன. இன்சூரன்ஸ் எகிறியது. போர் தொடங்கியபோதே பிரிட்டிஷ் அரசு கப்பல்களின் போர்க்கால இழப்பில் 80 சதவீதத்தைத் தானே ஏற்பதாகச் சொல்லியிருந்தது. அது இல்லையென்றால் பல முதலாளிகள் கப்பலை அனுப்பியே இருக்க மாட்டார்கள். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்த பிறகுதான் இந்தக் கடல் மூச்சுவிட்டது.

கணக்கில் வராதவர்கள்

கப்பல் முதலாளிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. மற்றவர்களுக்கு?

அடிமை முறை ஒழிந்த பிறகு கரீபியன் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மதராஸ், பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். இன்றும் குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிறார்கள். மொழி போய்விட்டது, சாமி இருக்கிறது. 1884இல் ஐரோப்பியக் கிழங்குச் சர்க்கரை குவிந்து உலக விலை சரிந்தபோது, அந்த நஷ்டம் முதலாளியோடு நிற்கவில்லை. தோட்டத்தில் கூலி குறைந்தது, வேலை கூடியது. நெப்போலியன் குத்திய பதக்கத்தின் விளைவு, எழுபது வருஷம் கழித்து நம்ம ஊரிலிருந்து போன ஒருவரின் கூலியில் வந்து விடிந்திருக்கிறது.

இந்தியாவும் அப்போது ஜாவா சர்க்கரையை நிறைய வாங்கிக்கொண்டுதான் இருந்தது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலை 1842லேயே வந்துவிட்டாலும், 1932இல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நாடு முழுக்க ஆலைகள் மளமளவென்று முளைத்தன.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2023 நவம்பரை நினைத்துப் பாருங்க. செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற கப்பலை ஹூதிகள் பிடித்தார்கள். அடுத்தடுத்துத் தாக்குதல்கள். ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. சரக்குக் கட்டணமும் இன்சூரன்ஸும் ஏறின. ராட்னி காலத்து நீதிமன்றமும் பங்கும் இதில் இல்லை. ஆனா கணக்கு அதேதான்: சில கப்பல்களைத் தொட்டால் போதும், மற்றதைப் பயம் பார்த்துக்கொள்ளும்.

ஹைகோர்ட் காம்பவுண்ட் சுவரில் எம்டன் குண்டு விழுந்ததற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாரிஸ் கார்னர் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு, எதிரே ஒரு டீ குடிங்க. டைமரிக்கின் பேர் அந்தக் கல்லில் இருக்காது. டீயில் போடுகிற சர்க்கரை எந்தெந்த வழியில் சுற்றி வந்தது என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.