பின்னாசனத்துப் பிரயாணிகள்

இலங்கையில் தனியார் மோட்டார் வாகனங்களின் இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலே மணம் முடித்த தம்பதியர் பலர் இன்று கைக்குழந்தையோடு கார் விற்பனை நிலையத்தின் வாசலில் நிற்கின்றனர். வரிச் சுமையினால் மிகச் சிறிய காருங்கூடப் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடுகிறது. எனவே கேள்விகளும் பணத்தையே சுற்றி எழுகின்றன. ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும்? நாளை விற்றால் என்ன விலை போகும்? விற்பனையாளரோ முன்பக்கத்து ஒளித்திரையைத் தொட்டுக் காட்டுகிறார். பின்னாசனத்தில் அமரப் போகின்ற சின்னஞ் சிறியவர்களைப் பற்றிக் கேட்பார் அரிது. மோட்டார் சைக்கிளொன்றில் நால்வராகச் சென்று பழகிய குடும்பத்துக்கு, நான்கு கதவும் கூரையும் உள்ள எதுவும் கோட்டையாகவே தோன்றும். அது இயல்புதான்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் ஓடிய காலத்தில் அவற்றில் ஆசனப்பட்டி இருக்கவில்லை. பிள்ளைகள் பின்னாசனத்தில் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தனர். குழந்தை தாயின் மடியில் இருந்தது. கார்கள் மாறிவிட்டன, வழக்கம் மாறவில்லை. இன்றும் தாய்மார் பலர் குழந்தையை மடியில் வைத்து முன்னாசனத்திலேயே அமர்கின்றனர். தாயின் கைகளைக் காட்டிலும் பாதுகாப்பான இடம் வேறில்லை என்ற நம்பிக்கை ஆழமானது. ஆனால் இந்த இடத்தில் கணக்கு அந்த நம்பிக்கைக்கு எதிராக நிற்கிறது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் மதிலொன்றில் மோதினால், ஏறத்தாழ பத்திலொரு செக்கனில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவரின் உடலோ அதே வேகத்துடன் முன்னோக்கிப் பாய்கிறது. அவ்வேளையில் 10 கிலோ நிறையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு, சராசரியாக 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 50 கிலோ அரிசி மூடைகள் மூன்றை ஒரே கணத்தில் ஏந்துவதற்கு ஒப்பானது அது. எந்தத் தாயாலும் இயலாது. எந்தப் பயில்வானாலும் இயலாது. தாயையும் குழந்தையையும் ஒரே பட்டியாற் சேர்த்துக் கட்டுவது இன்னும் கொடிது. அப்போது தாயின் உடற்பாரம் முழுவதும் குழந்தையைப் பட்டியோடு நசுக்கும்.

நீல்ஸ் பொலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் 1959 இல் வொல்வோ நிறுவனத்தில் அமைத்த மும்முனை ஆசனப்பட்டி எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. இலங்கையிலும் முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிவது 2011 இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் அந்தப் பட்டி வளர்ந்தவரின் தோளுக்கும் இடுப்புக்கும் ஏற்பச் செய்யப்பட்டது. சிறு பிள்ளைக்கு அது கழுத்திலும் வயிற்றிலும் படியும்.

கைக்குழந்தையின் நிலையோ முற்றிலும் வேறு. அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய காற்பங்கு தலையே. கழுத்தெலும்புகள் இன்னும் முற்றாக இறுகவில்லை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை மோதலின்போது வீசி எறியப்பட, அந்த மெல்லிய கழுத்தே அதைத் தாங்க நேரிடுகிறது. இதற்கு மாற்றுவழி கண்டவரும் சுவீடன் நாட்டவரே. விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்து விசையைத் தாங்கும் முறையைக் கவனித்த பேட்டில் ஆல்ட்மன் என்னும் அறிஞர், குழந்தையைக் காரின் பின்புறம் நோக்கி இருத்தும் ஆசனத்தை 1960களின் முற்பகுதியில் உருவாக்கினார். மோதலின் விசை அப்போது முதுகு, தலை, கழுத்து யாவற்றிலும் பரவி ஆசனத்தைச் சேர்கிறது. 2013 இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 129 ஆம் இலக்க ஒழுங்குவிதி, குழந்தைக்குப் 15 மாதம் நிறைவுறும்வரை இவ்வாறே இருத்த வேண்டும் என்கிறது. இயன்றால் அதற்குப் பின்னும் தொடர்வது நன்று. ஆயின் இந்த ஆசனத்தை, காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் ஒருபோதும் வைத்தலாகாது. விரியும் பையின் அடி நேரே குழந்தையின் தலைப்புறத்தில் விழும்.

ஆகவே, காரைத் தெரிவு செய்யும் முன்னரே குழந்தை ஆசனத்தை வாங்கி, அல்லது இரவலாகப் பெற்று, விற்பனை நிலையத்துக்கே எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். பின்னாசனத்தின் அடிப்பாகமும் முதுகும் சேரும் மடிப்பினுள் விரலை விட்டுப் பார்த்தால், ஐசோபிக்ஸ் எனப்படும் இரு உலோக வளையங்கள் தட்டுப்பட வேண்டும். குழந்தை ஆசனத்தை அவற்றில் பூட்டியபின் சாரதி தமது இடத்தில் அமர்ந்து பார்க்கட்டும். பின்னோக்கிய ஆசனம் நிறைய இடம் பிடிப்பது. சில சிறிய கார்களில் அது சாரதியின் முழங்காலை விசைப்பலகையோடு முட்டவைக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் முழங்கால் முட்ட ஓட்டுவது எவராலும் ஆகாத காரியம்.

சிறிய கார் என்றாலே பாதுகாப்பற்றது என்று சொல்வோரும் உளர். அது முழு உண்மையன்று. குளோபல் என்கப் என்னும் அமைப்பு 2023 இல் மோதிப் பார்த்த இந்தியத் தயாரிப்பான வகன் ஆர் கார், வளர்ந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் பூச்சியமும் பெற்றது. அதே மாருதி நிறுவனத்தின் புதிய டிசயர் 2024 இல் முறையே ஐந்தும் நான்கும் பெற்றது. அதுவும் நான்கு மீற்றருக்கு உட்பட்ட காரே. வேறுபாடு அளவில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பார்ப்போர் குழந்தைகளுக்குரிய எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். விளம்பரத்தில் பெரும்பாலும் மற்ற எண்ணே பெரிதாக அச்சாகிறது. பெயரையும் நம்பிவிடலாகாது. யப்பானில் விற்பனையாகும் வகன் ஆர் வேறு, இந்திய வகன் ஆர் வேறு; ஒன்றின் சோதனை முடிவு மற்றதற்குப் பொருந்தாது.

இலங்கையர் விரும்பும் யப்பானியச் சிறு கார்கள் 'கெய்' என்னும் வகையைச் சேர்ந்தவை. யப்பானியச் சட்டப்படி அவற்றின் நீளம் 3.4 மீற்றரையும், அகலம் 1.48 மீற்றரையும், இயந்திரக் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது. அவை நால்வருக்கு மட்டுமே உரியவை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் ஐந்தாமவருக்குப் பட்டியே இராது. மூன்றாவது குழந்தை வரவிருக்கும் வீட்டிலும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. இரு பிள்ளைகளுக்கு உள்ளேயோ அவை வியக்கத்தக்க வசதி தருவன. ஸ்பேசியா போன்றவற்றில் பின்கதவு பக்கவாட்டில் வழுக்கித் திறப்பதால், ஒடுங்கிய ஒழுங்கையில் வேலியோரமாக நிறுத்தியும் உறங்கும் குழந்தையை இறக்கிவிடலாம்.

நிறம், சக்கரத்தின் பளபளப்பு முதலியன அவரவர் விருப்பம். பிள்ளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பின்கதவைத் தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்பதைப் பார்த்தாற் போதும். வெயிலில் நிறுத்திய காரினுள் பத்து நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயரும். யன்னலைச் சற்றுத் திறந்துவைப்பதால் அது பெரிதாகக் குறைவதில்லை. கடைக்குள் சென்றுவரும் நேரத்துக்குக்கூடக் குழந்தையைத் தனியே விடலாகாது.

பேரம் படிந்ததும் விற்பனையாளர் ஆசன உறைகளை இலவசமாகத் தருவதுண்டு. அவ்வுறைகள் ஐசோபிக்ஸ் வளையங்களை மூடிவிடக்கூடும். ஆசனத்தின் விளிம்பிலுள்ள பக்கக் காற்றுப்பை விரிவதையும் தடுக்கக்கூடும். அவற்றுக்குப் பதிலாகக் குழந்தை ஆசனத்தின் விலையிற் பாதியையாவது தரும்படி கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.