திரும்பி வந்த கையெழுத்துப் பிரதி

எழுத்தாளருடைய நூல் அச்சேறிய நாளை உலகம் கொண்டாடுகிறது. அது பதிப்பகத்தாரிடமிருந்து திரும்பி வந்த நாட்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்நாட்களை எழுத்தாளர்கள் எங்ஙனம் கடந்தார்கள் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

என் ஊர் பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம். அங்குள்ள காய்கறிச் சந்தைக்குக் கூடையுடன் வரும் உழவர் யாவருக்கும் நாள்தோறும் நல்ல விலை கிடைத்துவிடுவதில்லை. வரத்து மிகுந்த நாளில் வியாபாரி நல்ல காயையும் வேண்டாமென்று கடந்து செல்வார். அதனால் அக்காய் சொத்தையாகிவிடாது. உழவரும் மறுநாள் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சாமல் இருப்பதில்லை. இதைக் கண்டு வளர்ந்த நானே, என் முதற்கதை ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தபோது, அதைப் பரணில் போட்டுவிட்டேன்.

சென்னையில் 1906-இல் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் ஆர். கே. நாராயண். எழுத்தையே தொழிலாகக் கொண்ட அவருக்கு முதலாண்டில் கிடைத்த வருவாய் 9 ரூபாய் 12 அணா. ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் அவரது முதல் நாவலை இங்கிலாந்துப் பதிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மறுத்தனர். மனம் சலித்த அவர், ஆக்ஸ்போர்டில் பயின்றுவந்த நண்பர் பூர்ணாவுக்கு, பிரதியைக் கல்லோடு கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடுமாறு எழுதினார். நண்பரோ அதற்கு இணங்காமல், நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் அதைச் சேர்ப்பித்தார். அவருடைய பரிந்துரையால் 1935-இல் நூல் வெளிவந்தது.

அத்துடன் இன்னல் தீர்ந்ததா? இல்லை. நூல் போதிய அளவு விற்கவில்லை. அடுத்த இரு நாவல்களுக்கும் வெவ்வேறு பதிப்பாளர்களை நாட வேண்டியிருந்தது. 1942-இல் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினார். 1960-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு அவரை வந்தடைந்தது. பழைய மறுப்புகளைப் பிற்காலத்தில் 1974-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியபோது, எவர்மீதும் வசை பொழியாமல் நகைச்சுவையோடு எழுதினார்.

சி. சு. செல்லப்பாவின் வழி வேறு. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தாமே தொடங்கினார். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றார். ‘சுதந்திர தாகம்’ என்னும் பெருநாவலையும் 1997-இல் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 2001-இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு வழங்கப்பட்டது.

இவற்றால் நாம் அறிவது யாது? மறுப்பு என்பது ஒரு பிரதியைப் பற்றி ஒருவர் ஒரு நாளில் கொண்ட கருத்தேயன்றி, எழுதியவருடைய தகுதிக்கு வழங்கப்பட்ட முடிவான தீர்ப்பன்று. பிரதியில் குறை இருப்பின் திருத்தலாம். இல்லையேல் வேறு வாயிலைத் தட்டலாம். ஆயினும் மனம் தளர்ந்த வேளையில் அவ்விரண்டில் எது தக்கது என்பதை எழுதியவரே தனித்து முடிவு செய்தல் அரிது. நாராயண் தம் நூலைக் கைவிட்டார், நண்பர் கைவிடவில்லை.

தில்லியிலும் மும்பையிலும் தமிழ்ச் சூழலினின்று விலகியிருந்து எழுதும் அன்பர்கள் இதை மனத்திற் கொள்ளவேண்டும். திரும்பி வந்த கதையைக் கிழிக்கும் முன், நம்பத்தக்க ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் படித்து முடிப்பதற்குள் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.