மேடையில் பழகும் துணிச்சல்!

என் மகள் படிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவில், மாணவியரே தயாரித்த நாடகம் ஒன்றைப் பார்த்தேன். விடுதிக்குப் புதிதாக வந்த பெண்ணிடம், "உன் கட்-ஆஃப் எவ்வளவு? ஊர்ல எந்தத் தெரு?" என்று நைசாகக் கேட்டு, ஜாதியை யூகித்ததும், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுகின்றனர் தோழிகள்.

அத்தோடு திரை விழவில்லை. அதே காட்சியை மறுபடியும் நடித்து, "இதை எப்படித் தடுக்கலாம்? மேடைக்கு வந்து நடிச்சுக் காட்டுங்க" என்று எங்களைக் கூப்பிட்டனர். பார்வையாளரையே நடிகராக்கும் இந்த முறையை, பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கினாராம்.

ஒரு மாணவி ஏறி, வார்டனிடம் புகார் செய்தாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று பதில் வந்தது. அடுத்தவள், தோழிகளில் ஒருத்தியாக நடித்தாள். இடத்தை விட்டு நகராமல், "இவ மார்க்கைத் தெரிஞ்சு என்னடி செய்யப் போறே? பேசாம குழம்பை ஊத்து!" என்றாள். அரங்கமே கைதட்டியது!

'ஜாதி பார்க்காதே' என்று ஆயிரம் முறை அறிவுரை சொல்வதைவிட, இப்படி ஒருமுறை நடித்துப் பழகினால், நிஜத்திலும் தட்டிக்கேட்க வாய் வரும். மற்ற கல்லூரிகளும் முதலாண்டு வகுப்பு தொடங்கும்போதே இதைச் செய்யலாமே! தோழியை அழைத்து வரும் பிள்ளைகளிடம், "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வழக்கம், நம் வீடுகளிலும் நிற்கட்டும் சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருச்சி.